ஆற்றங்கரையில் ஒரு தந்தை

ஆங்கில இலக்கியத்தை ஓரளவேனும் கற்றவர் ஐசாக் வோல்ற்றனின் பெயரை அறிவர். 1653-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘முழுநிறை தூண்டிற்காரன்’ என்னும் நூல், கவலையறியாத மனிதர் ஒருவரின் பொழுதுபோக்கென்றே பலராலும் கருதப்படுகின்றது. அவரது வரலாற்றை அறிந்தபின் எனக்கு அவ்வாறு கருத மனம் ஒப்பவில்லை.

1593-இல் ஸ்ராபர்ட் நகரிலே பிறந்த வோல்ற்றன், மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பல்கலைக்கழக வாயிலை மிதியாத அவர், இலண்டன் சென்று துணி வணிகரானார். அவருடைய கடையிருந்த வட்டாரத்தின் ஆலயக் குரு, பெருங்கவிஞரான ஜோன் டன். அவரது நட்பே வணிகரை எழுத்தாளராக்கியது எனலாம். வோல்ற்றன் எழுதிய டன் சரிதம் 1640-இல் வெளிவந்தது. சரிதம் எழுதும் கலையில் ஆங்கிலத்துக்கு அவர் ஒரு முன்னோடி.

1626-இல் றேச்சல் என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மக்கள் எழுவரில் ஒருவரேனும் வளர்ந்து ஆளாகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு பெட்டிகளைப் புதைகுழிக்குச் சுமந்த தந்தை அவர். டன் சரிதம் வெளியான அதே ஆண்டில் றேச்சலும் கண்மூடினார்.

நாட்டிலோ உள்நாட்டுப் போர். அவர் உயிரினும் மேலாகப் போற்றிய திருச்சபையின் வழிபாட்டு நூல் தடைசெய்யப்பட்டது, ஆயர்கள் பதவியிழந்தனர், 1649-இல் மன்னரின் தலை வெட்டுண்டது. இத்தனைக்கும் பின்னரே தூண்டில் நூல் பிறந்தது. அதில் போரைப்பற்றிய முழக்கமில்லை, வசையில்லை. லீ நதியோரம் நடப்போர் உரையாடுகின்றனர், மீன் பிடிக்கின்றனர், விடுதியில் உண்டு, பாடி, இறைவனுக்கு நன்றி கூறுகின்றனர். இயேசுபிரான் சீடராகத் தேர்ந்தவருள் மீனவரும் இருந்தனர் என்பதில் வோல்ற்றனுக்கு அளவிலாப் பெருமை. அவருக்குத் தூண்டில் பொறுமையின் பயிற்சி. பொறுமை விசுவாசத்தின் மறுபெயர். அந்நூலின் அமைதி இழப்பறியாதவனின் அமைதியன்று. இழந்தவர் நாள்தோறும் முயன்று பெற்ற அமைதி என்றே நான் கொள்கின்றேன்.

1647-இல் ஆன் கென் என்பவரை மறுமணம் புரிந்தார். அம்மணத்தில் ஒரு மகளும் ஒரு மகனும் தங்கினர். ஆனும் 1662-இல் மறைந்தார்.

புழு கோத்த தூண்டிலில் வல்லவரான வோல்ற்றன், பூச்சித் தூண்டிலில் அத்துணைத் தேர்ந்தவரல்லர். இறகையும் உரோமத்தையும் பட்டு நூலால் முள்ளிற் கட்டிப் போலிப் பூச்சியாக்கி, நீர்மேல் மெல்ல விழவைத்து, ட்ரவுட் மீனை ஏமாற்றும் நுண்கலை அது. (நம் நுவரெலியா ஓடைகளிலே வெள்ளையர் கொணர்ந்து விட்டதும் அம்மீனே.) முதற்பதிப்பில் அப்பகுதிக்குத் தோமஸ் பாக்கர் என்னும் சமையற்காரரின் உதவியை நாடியிருந்தார், அதை மறைக்கவுமில்லை.

குறையை நிறைத்தவர் சாள்ஸ் கொற்றன். நண்பரின் மைந்தர்; வோல்ற்றனுக்கு முப்பத்தேழு வயது இளையவர்; கடனாளி; கொச்சை நகைச்சுவைக் கவிதைகள் இயற்றியவர். பக்திமானாகிய முதியவர் இத்தகையவரை எவ்வாறு அணைத்தார் என வியப்போருண்டு. எழுவரைப் பறிகொடுத்த தந்தை, தம்மைத் தந்தையென அழைத்தவனின் குணத்தைத் தராசிலிட்டுப் பார்ப்பாரா? கொற்றன் 1674-இல் டவ் நதிக்கரையில் மீன்பிடி மனையொன்றைக் கட்டி, இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் பின்னிப்பிணைத்துக் கல்லிற் பொறித்தார். 1676-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், தெள்ளிய ஓடையிற் பூச்சித் தூண்டிலிடும் முறையை இரண்டாம் பாகமாக எழுதிச் சேர்த்தார். இன்று பூச்சித் தூண்டிலார் போற்றுவது பெரிதும் இப்பாகத்தையே.

1683 டிசம்பரில், தொண்ணூறாம் வயதில், வின்செஸ்ரர் நகரிலே வோல்ற்றன் காலமானார். அவருடல் அங்குள்ள பேராலயத்தில் துயில்கின்றது. தம் மரணசாசனத்தில் முதற்கண் விசுவாசத்தை அறிக்கையிட்டு, நங்கூரத்தில் அறையுண்ட கிறிஸ்துவின் உருவம் செதுக்கிய டன்னின் முத்திரையை அதிற் பதித்தார். தாம் பிறந்த ஸ்ராபர்ட் நகரின் ஏழைகளுக்குக் கடுங்குளிர்க் காலத்தில் நிலக்கரி வாங்கிக் கொடுக்கவும் அதில் வழிசெய்திருந்தார்.