சிற்றுருவக் காமிரா கண்ட ஆஸ்கர் பார்னாக்

ஒருவருடைய உடற்குறை உலகத்துக்கு நன்மையாய் முடிவது அருமை. அத்தகைய அரிய வரலாறுகளுள் ஒன்று, ஜெர்மனி தேசத்து யந்திரத் தொழிலாளராகிய ஆஸ்கர் பார்னாக் என்பவரின் சரித்திரமாகும். இன்று மாணவர் சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசியினுள்ளும் ஒரு காமிரா அடங்கியிருக்கின்றது. கருவி சிறிதாயினும் அது தரும் படம் சிறந்ததாக இருத்தல் கூடும் என்பதைச் செய்கையாற் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் இவரே.

பார்னாக் 1879-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் தேதி பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள லினோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையில் ஓவியத்தில் நாட்டம் கொண்டிருந்தவர், நுண்ணிய கருவிகள் செய்யும் தொழிலையே பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். பல ஊர்களில் வேலை பார்த்த பின், 1902-இல் யேனா நகரத்து ஜைஸ் தொழிற்சாலையில் அமர்ந்தார்.

ஓய்வு நாட்களில் அந்நகரை அடுத்த காடுகளிலும் குன்றுகளிலும் உலாவிப் படம் பிடிப்பது அவருக்குப் பேரின்பம். ஆனால் அக்காலத்துக் காமிராவோ பெரும் பாரம்; பெட்டியும், முக்காலியும், கண்ணாடித் தகடுகளும் உடன் சுமக்க வேண்டும். பார்னாக்கோ இரைப்பு நோயால் வருந்தியவர். மேடேறுந்தோறும் மூச்சுத் திணறும். ஆசையை விடுவதா, பாரத்தைக் குறைப்பதா என்னும் வினா எழுந்தது. அவர் பாரத்தைக் குறைக்கத் துணிந்தார்.

1905-ஐ ஒட்டி அவர் செய்த முதற் சோதனை தோல்வியுற்றது. 13 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரே தகட்டிற் பல சிறு படங்களை எடுத்துப் பின்னர் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். தகட்டிலுள்ள வெள்ளி உப்பின் மணிகள் பருமனாயிருந்தமையால், பெரிதாக்கிய படம் மணலைத் தூவினாற்போலக் கரடாயிற்று. கருவியை மாத்திரம் குறுக்கினாற் போதாது. படம் பதியும் பொருளும் நுண்மையுடையதாக வேண்டும் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

1911-இல் வெட்ஸ்லர் நகரத்தில் மைக்ராஸ்கோப் செய்வதிற் பேர்பெற்ற லைட்ஸ் தொழிற்சாலையிற் சேர்ந்தார். அங்கே சினிமாப் படக் கருவி ஒன்றை அமைக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. அதனாற் பழகிய 35 மில்லிமீட்டர் சினிமாச் சுருளில், தாம் தேடிய பொருள் இருக்கக் கண்டார். சினிமாப் படத்தின் அளவு 18-க்கு 24 மில்லிமீட்டர். அதனை இரட்டித்து, 24-க்கு 36 என்று வகுத்தார். பழைய தகட்டோடு ஒப்பிட்டால் இதன் பரப்பு ஏறக்குறைய 27-இல் ஒரு பங்கே. இவ்வளவிற்கேற்ற முதற் காமிராவை 1914-க்குள் தம் கையாலேயே செய்து முடித்தார்.

அதன் அமைப்பு வியக்கத்தக்கது. ஒரு திருகைத் திருப்பினால், எடுத்த படம் நகர்ந்து புதிய இடம் வரும். அதே திருப்பத்தில், ஒளியை ஒரு கணம் உள்ளே விடும் துணித்திரையின் வில்லும் முறுக்கேறும். ஆதலின் ஒரு படத்தின்மேல் மற்றொன்று பதியும் பிழை நேர வழியில்லை. விரலின் சிறு விசையே அதற்கு வேண்டிய சக்தி முழுவதும். சிறு படம் பெரிதாகும்போது லென்ஸின் குற்றமும் உடன் பெரிதாகுமாதலால், குற்றமற்ற லென்ஸ் ஒன்றைக் கணித்துத் தரும் பொறுப்பை அத்தொழிற்சாலையின் அறிஞர் மாக்ஸ் பெரெக் ஏற்று நிறைவேற்றினார்.

எனினும் உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. 1914-இல் மூண்ட மகாயுத்தம் முயற்சியைத் தடுத்தது. 1920-இல் வெட்ஸ்லரில் வெள்ளம் வந்தபோது பார்னாக் தம் சிறு கருவியுடன் தெருக்களிற் சென்று படம் எடுத்தார். 1923-இற் சோதனைக்கென ஏறக்குறைய 25 காமிராக்கள் செய்து புகைப்பட வல்லுநர் சிலரிடம் கொடுத்தனர். அவர்களுள்ளும் கருத்து ஒருமைப்படவில்லை. நாணயம் மதிப்பிழந்து ஜெர்மனி தத்தளித்த காலம் அது. புதிய தொழிலில் முதலிட்டுத் தோற்றாற் பழைய தொழிலும் தொழிலாளர் பிழைப்பும் சேர்ந்து கெடும். 1924 ஜூன் மாதம் தொழிற்சாலையார் கூடி ஆராய்ந்தனர். பலர் தயங்கினர். முடிவில் தலைவர் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், துணிந்து செய்வதென்று தீர்ப்பளித்தார்.

1925-இல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' என்னும் பெயருடன் அக்காமிரா வெளிவந்தது. லைட்ஸ், காமிரா என்னும் இரு சொற்களின் முதலெழுத்துக்களால் ஆகியது அப்பெயர். 1930-இல் லென்ஸை மாற்றும் வசதியும், 1932-இல் தூரமறிந்து லென்ஸைப் பொருத்தும் அமைப்பும் சேர்ந்தன. முக்காலியின்றித் தெருவிலும் வீட்டிலும் மக்கள் வாழ்வை உள்ளவாறே படமாக்கும் கலை இதனாற் செழித்தது. பார்னாக் 1936-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி காலமானார். தாம் பெற்ற வெற்றியைச் சில ஆண்டுகளே கண்டார்.

அவர் வகுத்த 24-க்கு 36 என்னும் அளவு, சுருளின்றி மின்னணுச் சில்லாற் படம் பிடிக்கும் இக்காலத்துக் காமிராக்களிலும் ஓர் அளவுகோலாய் நிலைத்திருக்கின்றது. 1990-களில் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சியாளர் எரிக் பாஸம் முதலியோர், விண்கலத்தின் பாரத்தையும் மின்செலவையும் குறைக்கவே சிறு காமிராச் சில்லை ஆராய்ந்தனர். அம்முயற்சியின் வழிவந்ததே கைப்பேசியின் காமிரா. பார்னாக்குக்கு மலையேற்றம் விதித்த கட்டுப்பாட்டை இவர்களுக்கு விண்வெளி விதித்தது.

கருவி குறையக் குறைய ஒவ்வோர் உறுப்பும் முன்னினும் செவ்வையாக வேலை செய்தாக வேண்டும். சிறுமையில் பிழைக்கு இடமில்லை. பொருள் குறைவு, உடல் வலிக் குறைவு, காலக் குறைவு என்று வருந்தும் மாணவர், அக்குறையையே தம் ஆராய்ச்சியின் அளவாகக் கொள்வாராயின், பார்னாக்கின் வாழ்க்கை அவர்க்கு நல்ல துணையாகும்.