தராசுக்குப் பின்னால் ஒரு தமிழர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கும் நம் கல்லூரி நண்பர்களுக்குக் காலிபரேஷன் சான்றிதழைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் பிரஷர் கேஜ், மைக்ரோமீட்டர், எடைத் தராசு எல்லாவற்றையும் சரிபார்க்க அனுப்புகிறோம். சான்றிதழ் வந்ததும் ஃபைலில் போட்டு வைக்கிறோம். ஆடிட் வரும்போது தூசி தட்டி எடுக்கிறோம். அதில் ஒரு வரி இருக்கும். இந்த அளவு, படிப்படியாக மேலே போய், தேசிய அளவுத் தரத்தோடு இணைகிறது என்பது அதன் பொருள். அந்த வரியை நின்று படிக்க யாருக்கும் நேரம் கிடையாது.

ஒரு நாள் படித்துப் பாருங்கள். நம் தொழிற்சாலைத் தராசிலிருந்து சென்னை ஆய்வகம், அங்கிருந்து புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் என்று அந்தச் சங்கிலி போகும். ஆய்வகம் இருக்கும் சாலையின் பெயர் டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் சாலை. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர். நம்ம ஊர்க்காரர், வத்திராயிருப்பில் பிறந்தவர். சர் சி.வி. ராமனைத் தெரியாத மாணவர் நம்மில் கிடையாது. கிருஷ்ணனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இந்த மலருக்கு அவர் வாழ்க்கையை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. விஞ்ஞானிகளில் கண்டுபிடிப்பவர்களை நாம் கொண்டாடுகிறோம். அரசாங்கத்துக்கும் நிறுவனங்களுக்கும் ஆலோசனை சொல்லும் விஞ்ஞானிகளைப் பற்றி யோசிப்பதே இல்லை. கிருஷ்ணன் இரண்டு வேலையையும் செய்தவர். நல்ல ஆலோசகர் என்பவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தார். வத்திராயிருப்பு இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை விவசாயி. தமிழும் வடமொழியும் கற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. படித்து முடித்ததும் அதே கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது.

மதிய இடைவேளையில் அவர் ஒரு காரியம் செய்தார். இயற்பியலோ, வேதியியலோ, கணிதமோ, யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் உட்கார்ந்து பேசுவார். இது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது, சம்பளமும் கிடையாது. பக்கத்துக் கல்லூரி மாணவர்கள்கூட வந்து கூடினார்கள். அவருடைய ஆலோசகர் வாழ்க்கை அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம். கேள்வி கேட்பவருக்கு என்ன தேவை என்று காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் அங்கே வந்திருக்க வேண்டும்.

1920-இல் ராமனிடம் படிக்கக் கல்கத்தா போனார். சில வருஷங்களில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவருடைய ஆராய்ச்சித் துணைவர் ஆனார். 1928 பிப்ரவரியில் நடந்ததை நாமெல்லாம் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். திரவங்களில் ஒளி சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்று காட்டிய சோதனைகளில் ராமனோடு நின்று இரவும் பகலும் உழைத்தவர் கிருஷ்ணன். மார்ச் 31 தேதியிட்ட நேச்சர் இதழில் வந்த கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அவரோ அதற்காக வழக்காடப் போகவில்லை.

அந்த பிப்ரவரி மாத டைரியில் அவர் ஒரு விஷயம் குறித்து வைத்திருக்கிறார். அதற்குமுன் கொஞ்ச காலம் அவர் கோட்பாட்டுக் கணக்குகளிலேயே மூழ்கிக் கிடந்தார். சோதனையை விட்டு ரொம்ப நாள் விலகி இருப்பது விஞ்ஞானிக்கு நல்லதல்ல என்பது ராமனின் கருத்து. அதைக் கேட்டுத்தான் மறுபடி கருவிகளிடம் வந்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கதைக்கு இதுதான் அச்சாணி.

1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகப் போனார். படிகங்களின் காந்த குணம் திசைக்குத் திசை மாறுவதை அளப்பது அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலை. ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையை மேலிருந்து மெதுவாக முறுக்கிக்கொண்டே போவார். ஒரு கோணத்தைத் தாண்டினால் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கோணத்திலிருந்து கணக்குப் போட்டு, படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்த வாக்கில் அடுக்கியிருக்கின்றன என்பதற்குத் துப்புப் பிடித்தார். பெரிய மிஷின் ஒன்றும் இல்லை. பொறுமைதான் முதலீடு. 1933-இல் மறுபடி கல்கத்தா, 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவி, 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, 1946-இல் சர் பட்டம்.

1947-இல் டெல்லியிலிருந்து அழைப்பு வந்தது. சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் தலைமையில் சி.எஸ்.ஐ.ஆர். நாடெங்கும் ஆய்வகங்களைத் தொடங்கிக்கொண்டிருந்த நேரம். தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு அந்த ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டினார். கிருஷ்ணன் முதல் இயக்குநரானார். 1950 ஜனவரியில் சர்தார் பட்டேல் திறந்து வைத்தார். நடுவில் 1948 ஆகஸ்டில் அணுசக்திக் கமிஷன் உருவானது. மூன்றே பேர் அதில்: தலைவர் ஹோமி பாபா, பட்நாகர், கிருஷ்ணன். அதே 1948-இல் டி.எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சரின் முதல் அறிவியல் ஆலோசகர் ஆனார். புதிதாகப் பிறந்த நாடு விஞ்ஞானிகளைப் பக்கத்தில் உட்காரவைத்து யோசனை கேட்ட காலம் அது.

யோசனை என்றால் ராக்கெட், அணு உலை என்றுதான் நமக்குத் தோன்றும். சாதாரண எடைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான் குடியிருக்கும் ஆரணியில் என் பாட்டி காலத்தில் வீசை, படி கணக்குத்தான். (பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. பெரியபாளையம் பக்கத்தில் ஆற்றங்கரை ஆரணி.) சென்னை மணங்குக்கு 8 வீசை, அதாவது சுமார் 11 கிலோ. வங்காள மணங்கோ 37 கிலோவுக்கு மேல். பேர் ஒன்று, சரக்கு மூன்று மடங்கு! இப்படிப்பட்ட நாட்டில் ஒரு ஊரில் செய்த போல்ட்டுக்கு இன்னொரு ஊர் நட் எப்படிப் பொருந்தும்?

1956-இல் எடை அளவுத் தரச் சட்டம் வந்து மெட்ரிக் முறையை நாடு ஏற்றது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வர ஆரம்பித்தது. இந்த அளவுகளுக்கெல்லாம் மூலத்தைக் காக்கும் பொறுப்பு கிருஷ்ணனின் ஆய்வகத்துடையது. பாரிஸ் அருகே இருந்த மூலக் கிலோகிராமின் 57-ஆம் எண் கொண்ட நகல் இந்தியாவுக்கு வந்து அங்கேதான் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமை உலோகக் கட்டியை வைத்து அல்லாமல் பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். ஆனாலும் நாட்டின் அளவுகளுக்குப் பொறுப்பு அதே ஆய்வகம்தான்.

எல்லாமே சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. மேகநாத் சாகா இந்த ஏற்பாட்டையே எதிர்த்தார். பயிற்சி பெற்ற ஆட்களும் தொழில் அடித்தளமும் இல்லாமல் கமிஷன் எதற்கு, முதலில் பல்கலைக்கழகங்களை வளருங்கள் என்பது அவர் கட்சி. 1952-இல் மக்களவைக்கே தேர்தலில் ஜெயித்துப் போய் அங்கும் விடாமல் கேள்வி கேட்டார். கிருஷ்ணன் உள்ளே இருந்தார், சாகா வெளியே இருந்தார். யார் சரி? எனக்கு இருவரும் வேண்டும். உள்ளே இருப்பவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது. வெளியே இருப்பவர் இல்லாவிட்டால் நடக்கும் வேலை சரியா என்று கேட்க ஆள் இருக்காது. சாகா சொன்னதில் ஒரு பங்கு உண்மை என்பதை, ஆய்வுக்கூடம் இல்லாமல் தவிக்கும் நம் கல்லூரிகளைப் பார்த்தாலே தெரியும்.

உள்ளே போனவர்கள் பெரும்பாலும் ஃபைலிலேயே கரைந்து போவார்கள். கிருஷ்ணன் கரையவில்லை. கமிட்டிகளுக்கு நடுவிலும் தன் ஆராய்ச்சியை வைத்திருந்தார். வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாகும் மெல்லிய கம்பியில் வெப்பநிலை நீளவாக்கில் எப்படிப் பரவுகிறது, சூடான பொருளிலிருந்து எலெக்ட்ரான்கள் எப்படி வெளியேறுகின்றன என்று இளைஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். ராமனிடம் கற்ற பாடத்தை அவர் விடவில்லை. 1954-இல் பத்மபூஷண், 1958-இல் முதல் பட்நாகர் பரிசு. பேச்சிலும் ரசனைக்காரர். சந்திக்கும்போதெல்லாம் புதுக் கதை ஒன்று வைத்திருப்பார் என்று நேருவே வியந்ததுண்டு. 1961 ஜூனில், 62 வயதில், டெல்லியில் காலமானார்.

இப்போது நம் கதைக்கு வருவோம். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறையிலிருந்து ஒருவரும் முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. நம்மில் சிலர் ஏதாவது ஒரு கல்லூரியில் அப்படி உட்கார்ந்திருக்கிறோம், மற்றவர்களுக்கும் ஒரு நாள் கடிதம் வரும். அதுவும் அறிவியல் ஆலோசகர் பதவிதான், அளவில் சின்னது, அவ்வளவே. பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டு, ஏற்கெனவே டைப் அடித்த தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். தொழிற்சாலைகளிலும் இப்படி உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்துக்கு வந்த கன்சல்டன்ட், ஷாப்பில் கால் வைக்காமலே, மேனேஜருக்கு எது பிடிக்குமோ அதை அறிக்கையாக எழுதிக் கொடுத்துப் போனார். ஆறு மாதம் கழித்து அந்த லைனை மறுபடி பிரித்துப் போட்டது நாங்கள்தான்.

தப்பான ஆலோசனைக்கு விலை கொடுப்பவர் ஆலோசகர் அல்ல. நான்கு வருஷம் பழைய பாடத்தைப் படித்துவிட்டு இன்டர்வியூவில் திகைத்து நிற்கும் மாணவர்தான் கொடுக்கிறார். ஆகையால் கிருஷ்ணன் வாழ்க்கையிலிருந்து இரண்டே விஷயம் எடுத்துக்கொள்வோம். கையில் வேலை இருக்கிறவரைதான் யோசனைக்கு மதிப்பு. கேட்பவரின் தேவை என்ன என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. மாதம் ஒரு நாள், மதிய இடைவேளையில், நம்மில் ஒருவர் கல்லூரிக்குப் போய் உட்காருவோம். மேடை, மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். மாணவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததைக் கேட்டு வந்து சொல்வோம். அதற்குப் பிறகு பாடத்திட்டக் குழுவில் போய் உட்கார்ந்தால் அங்கே சொல்ல நமக்கு விஷயம் இருக்கும். தம்பி தங்கைகளே, கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள். முதல் மாதத்துக்கு என் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

– முன்னாள் மாணவன், இயந்திரவியல் துறை
ஆரணி, திருவள்ளூர் மாவட்டம்