மலைநாட்டு மருத்துவர் மெக்காரிசன்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு ஏலமலை வானளாவிய பச்சை மதில்போலக் காட்சி தரும். இவ்வூர் மக்கள் பலர் விடியற்காலையில் சோற்றுத் தூக்குடன் போடிமெட்டு வழியே மலையேறுவர். ஏலத் தோட்டங்களில் நாள் முழுதும் உழைத்து மாலையில் திரும்புவர். அவர்தம் உணவில் கலந்துள்ள உப்போ கடற்கரையில் விளைந்தது. அவ்வுப்புக்கும் மலைநாட்டு மக்களின் நலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

மலைகளில் பெய்யும் பெருமழை, மண்ணிலுள்ள அயோடின் என்னும் பொருளைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுசெல்கிறது. ஆதலால் உலகின் மலைநாடுகள் பலவற்றில் விளையும் உணவுப் பொருள்களில் அயோடின் குறைந்து காணப்படும். அந்நாடுகளில் கழுத்து வீங்கும் கழலை நோய் பன்னெடுங்காலமாக இருந்துவந்தது. அந்நோயை ஆராய்வதில் பல்லாண்டுகளைச் செலவிட்டவர் இராபர்ட் மெக்காரிசன். அவருடைய உழைப்பின் பெருமையை உணரவேண்டுமானால், முதலில் நம் உடலின் சுரப்பிகளைப் பற்றி அறிதல் வேண்டும்.

சுரப்பிகள் இருவகைப்படும். உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தாம் சுரக்கும் நீரைக் குழாய் வழியே ஓரிடத்திற்கு அனுப்புகின்றன. வாய்க்கால் நீர் வயலுக்குப் பாய்வது போன்றது அது. மற்றொரு வகைச் சுரப்பிகளுக்குக் குழாய் இல்லை. அவை தாம் சுரக்கும் ஹார்மோன்களை நேரே குருதியில் கலக்கின்றன. குருதி அவற்றை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இவையே நாளமில்லாச் சுரப்பிகள். கணையத்தின் இன்சுலின் குருதியிலுள்ள சர்க்கரையை அளவில் நிறுத்துகிறது. அட்ரினல் சுரப்பி ஆபத்துக் காலத்தில் உடலை ஆயத்தம் செய்கிறது. கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு, உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் மூளையின் மலர்ச்சியையும் காக்கிறது.

தைராய்டு தன் ஹார்மோனை ஆக்குவதற்கு அயோடின் இன்றியமையாதது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், அஃதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் 150 கூறுகள், போதும். அதுவும் கிடைக்காவிட்டால் ஹார்மோன் குறைகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அக்குறையை உணர்ந்து, மேலும் உழைக்குமாறு தைராய்டைத் தூண்டுகிறது. மூலப்பொருள் இல்லாத தைராய்டு என் செய்யும்? உழைத்து உழைத்துப் பருத்து வீங்குகிறது. அவ்வீக்கமே கழலை. தாயின் உடலில் இக்குறை மிகுமாயின், பிறக்கும் குழந்தை அறிவு வளர்ச்சி குன்றியும், சிலபோது பேச்சும் செவிப்புலனும் இழந்தும் வாழ நேரிடும்.

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று, 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். வடக்கே காரகோரம் மலைகளை அடுத்த கில்கிட் பள்ளத்தாக்கில் மருத்துவராக அமர்ந்தார். அங்கே கழலை மிகுந்திருக்கக் கண்டு அவர் உள்ளம் வருந்தியது. காரணம் அறிய விழைந்து ஊர்தோறும் சென்றார். எட்டு ஊர்கள் ஒரே கால்வாயின் நீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பருகிவந்தன. மேலூரின் கழிவுகள் கீழூரின் குடிநீரிற் கலந்தன. மேலே நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் இருந்த நோயாளர், கீழே நூற்றுக்கு நாற்பத்தைவருக்கு மேல் இருந்தனர்.

நீரில்தான் நோயின் விதை இருக்கவேண்டும் என்று அவர் எண்ணினார். அதனை எவர்மீது சோதிப்பது? முதலில் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். அந்நீரை வடிகட்டியபின் எஞ்சிய வண்டலைத் தாமும் உண்டார். மனமுவந்து முன்வந்தவர் சிலரும் உண்டனர். சில வாரங்களில் அவர்களுட் சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. வண்டலைக் காய்ச்சி உண்டவர்களுக்கு வீக்கம் தோன்றவில்லை. எனவே நீரில் வாழும் நுண்ணுயிரே கழலைக்குக் காரணம் என அவர் முடிவு செய்தார்.

அம்முடிவு முழு உண்மை அன்று. 1917 முதல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் டேவிட் மரைன் என்பவரும் அவர் துணைவரும் பள்ளி மாணவியர்க்குச் சோடியம் அயோடைடு என்னும் அயோடின் சேர்மத்தை அளித்தனர். அதனை உண்டவரிடையே கழலை மிக அரிதாயிற்று. உண்ணாதவர் பலருக்கு அது தோன்றியது. அயோடின் குறைவே தலையாய காரணம் என்பது நாளடைவில் உறுதியாயிற்று. ஆயினும் மெக்காரிசனின் உழைப்பு வீண்போகவில்லை. உடலை ஆளும் சுரப்பிகளையும் நாம் உண்ணும் உணவும் பருகும் நீரும் ஆள்கின்றன என்னும் பேருண்மையை நோக்கி அவர் நடந்தார்.

1918இல் அவர் நீலகிரியின் குன்னூருக்கு வந்தார். அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டும் உண்ட புறாக்கள் நோயுற்றன. அவற்றின் பிற உறுப்புகள் மெலிய, அட்ரினல் சுரப்பி மட்டும் பருத்திருக்கக் கண்டார். செலவைக் குறைக்க விரும்பிய அரசு 1923இல் அவ்வாராய்ச்சியை நிறுத்தியது. இரண்டாண்டுகளுக்குப்பின் அது மீண்டும் உயிர்பெற்றது. 1928இல் உணவாராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. மெக்காரிசன் 1935இல் ஓய்வுபெற்றுத் தாயகம் சென்றார். அவர் 1960இல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அவர் வளர்த்த நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

குன்னூர் நிலையத்தில் பணியாற்றிய இளைஞருள் இராமலிங்கசுவாமி என்னும் மருத்துவரும் ஒருவர். அவர் 1956இல் இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கினார். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை பாதியளவாய்க் குறைந்தது. மற்றப் பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது; அங்கும் நோய் குறைந்தது. 1962இல் நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றியது.

மாணவர்களே, அறிவியலில் ஒருவர் காணத் தவறியதை அடுத்தவர் காண்கிறார். முன்னவர் அஞ்சாது வழி நடந்திராவிடில் பின்னவருக்குப் பாதை ஏது? கில்கிட் கால்வாயில் தொடங்கிய வினாவுக்குரிய விடை, இன்று ஏலமலை ஏறும் தொழிலாளியின் சோற்றுத் தூக்கிலும் இருக்கிறது. அயோடின் கலந்த உப்பைக் காற்றுப்புகாத கலத்தில் மூடிவைத்து அளவோடு பயன்படுத்துவோமாக! உண்மை காணத் தம் உடலையே சோதனைக்கு ஒப்படைத்த அம்மருத்துவரை நன்றியோடு நினைவோமாக!