சித்திரக் கலைஞர் ஜாமினி ராய்

வித்தையில் உயர்வு தாழ்வு இல்லை. அதைக் கைக்கொள்வோருடைய சிரத்தையே அதற்கு ஏற்றம் தருவது. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் நிலைநாட்டியவர் வங்காளத்து ஸ்ரீ ஜாமினி ராய். கைத்தொழிலால் வாழ்ந்த முன்னோரின் வழியில் வந்த நாம் அவருடைய சரித்திரத்தை அறிதல் நலம் பயக்கும்.

அவர் 1887-ம் வருஷம் பாங்குரா ஜில்லாவில் பேலியாதோர் என்னும் கிராமத்தில், நிலபுலமுள்ள குடும்பத்தில் பிறந்தார். பதினாறாம் பிராயத்தில் கல்கத்தா சென்று, அரசாங்கச் சித்திரக் கலாசாலையில் மேனாட்டு முறையைப் பயின்று, 1908-ல் தேர்ச்சி பெற்றார். பின்னர்ச் செல்வர்களுடைய உருவப்படங்களைத் தைல வர்ணத்தில் எழுதிப் பேரும் பொருளும் ஈட்டினார்.

ஆயினும் அவர் மனம் அவ்வழியில் நிலைக்கவில்லை. கல்கத்தாவிலுள்ள காளிகட்டக் காளி கோயிலைச் சுற்றி 19-ம் நூற்றாண்டில் பரம்பரைச் சித்திரக்காரர் பலர் வாழ்ந்தனர். பட்டுவா எனப்பட்ட அவர்கள், தெய்வத் திருவுருவங்களைக் காகிதத்தில் சில கோடுகளால் விரைந்து தீட்டி, யாத்திரிகர்களுக்குச் சொற்ப விலைக்கு விற்றனர். அச்சுப்படங்கள் மலிந்தபின் அத்தொழில் நலிந்தது. கற்றோரில் பலர் அப்படங்களைப் பாமரர் பொருள் என ஒதுக்கினர். அக்கோடுகளிலேயே ஜாமினி ராய் தமக்கு ஆசிரியரைக் கண்டார். நாற்பதை நெருங்கும் வயதில், குடும்பப் பாரம் தோளில் இருக்க, கைகண்ட வருவாயைத் துறந்து புதுவழி புகுந்தார். நகரத்துப் படங்களோடு அமையாமல், தம் ஜில்லாவின் கிராமச் சித்திரக்காரருடைய படங்களையும் தேடிச் சேர்த்துப் பயின்றார்.

சீமைச் சாயங்களை விடுத்து, மண்ணையும் கற்பொடியையும் அவுரியையும் வர்ணமாக்கினார். புளியங்கொட்டைப் பசையைச் சேர்த்தார். விளக்குக் கரியால் கோடிட்டார். ஏழு வர்ணங்களே அவருக்குப் போதுமாயின. கண்ணனும் பலராமனும், கோபியரும், யசோதையும், கணபதியை ஏந்திய அன்னையும் அகன்ற விழிகளோடு அவர் படங்களில் எழுந்தருளினர். கல்கத்தாவில் மிட்டாய் வியாபாரத்தால் புகழ்பெற்ற தாஸ் குடும்பத்தார் பொருட்டு, ராமாயணத்தை 17 படங்களாக அமைத்தார். ஏசுநாதர் சரிதத்தையும் அதே முறையில் எழுதினார்.

தொழிற்குடும்பங்களில் நடப்பது போலவே, அவருடைய புதல்வரும் உடனிருந்து வேலை செய்தனர். ஒரே படத்தைப் பலமுறை எழுதிக் குறைந்த விலைக்கே கொடுத்தார். எளிய இல்லத்துச் சுவரிலும் தம் படம் தொங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். கலைஞன் இங்ஙனம் செய்யலாமோ எனக் குறை கூறியவரும் உண்டு. அவர் தம் வழியினின்று விலகவில்லை.

உலகம் மெல்ல அவரை அறிந்தது. 1946-ல் லண்டனிலும், 1953-ல் நியூயார்க்கிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 1954-ல் இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருதளித்தது. 1972-ல் அவர் இயற்கை எய்தினார். 1976-ல் அவருடைய படைப்புக்கள் தேசத்தின் கலைச்செல்வம் எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டன.

சகோதர சகோதரிகளே! நிலக்கிழார் குடியிற் பிறந்த ஒருவர், கோயில் வாயிலில் காசுக்குப் படம் விற்றவரைத் தம் குருவாகக் கொண்டார்; அவ்வேழைச் சித்திரக்காரரின் கோடு உலக அரங்கேறியது. நம் பாட்டனார் கையாண்ட உளியையும் தூரிகையையும் பரணில் எறிந்து, அத்தொழிலைச் சொல்லவும் நாணுகின்ற இளைஞர் நம்முள் இல்லையா? பிள்ளைகள் கல்வி கற்று எவ்வுத்தியோகமும் பெறுக; ஆனால் முதியவர் கைத்திறன் அவர்களோடு மறையுமுன் அருகமர்ந்து கற்றுக்கொள்க. இதுவே நாம் ஜாமினி ராய்க்குச் செய்யும் வணக்கம்.