யாழ் தேடிய தவம்

யாழ்ப்பாணம் என்று ஊர்ப்பெயரிலேயே யாழை வைத்திருக்கின்றோம். யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணற்றிடர் இதுவென்று பாட்டிமார் சொல்லக் கேட்டும் இருக்கின்றோம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒருவர் வந்து, அந்த யாழ் எங்கே, ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பாராயின் நாம் தலைகுனிந்தே நின்றிருப்போம். நம் நாட்டில் மட்டுமன்று, தமிழ்நாடு முழுவதிலும் அப்போது யாழ் இல்லை. வீணை இருந்தது, அதுவே யாழ் என்று சொல்லித் திருப்திப்பட்டவர்களும் இருந்தார்கள். பாணர் கையிலிருந்த கருவி எப்போது மறைந்தது, ஏன் மறைந்தது என்பதை அறிந்தாரிலர்.

அந்தக் கருவியைத் தேடிப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தவர் நம் ஈழநாட்டுத் துறவி ஒருவர். சுவாமி விபுலானந்தர் என்றதும் பள்ளிக்கூடச் சுவரிலே தொங்கும் காவியுடைப் படம் நமக்கு நினைவு வரும். படத்திற்கு மாலை சூட்டுவது எளிது. படத்திலுள்ளவர் எவ்வளவு காலம் எதற்காகக் காத்திருந்தார் என்பதை இளைஞர்களாகிய நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1892 ஆம் ஆண்டு, கீழ்மாகாணத்துக் காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மையார் என்போருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகை அம்மன் குடிகொண்ட ஊர். வைகாசியிலே குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது கண்ணகி வழக்குரை பாடப்பெறும் பகுதி அது. சிலப்பதிகாரத்தை ஏட்டில் அறியாத தாய்மாரும் கண்ணகியின் கதையை அங்கே கண்ணீரோடு அறிவர். இன்னொரு செய்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு முதன்முதலாக அச்சேற்றி வெளியிட்டதும் அதே 1892 ஆம் ஆண்டிலேதான். குழந்தையும் நூலும் ஒரே ஆண்டில் உலகிற்கு வந்தன. இவ்விரண்டும் முறைப்படி ஒன்றையொன்று சந்திக்க நாற்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

மயில்வாகனனார் கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். பின்பு கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி. அதன்பின் அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று 1916 இல் தேர்ச்சி. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டித பரீட்சையிலும் தேறினார். ஒரு கையில் இரசாயனக் குழாய், மறு கையில் தொல்காப்பியம் என்று சொல்லலாம். 1917 இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக அமர்ந்தார். வயது இருபத்தெட்டு. சம்பளம், மதிப்பு, ஊரார் அன்பு எல்லாம் கூடியிருந்தன.

அக்காலத்து உத்தியோக மோகத்தை அறிந்தவர்களுக்கே அடுத்து அவர் செய்தது எத்தகைய காரியம் என்பது விளங்கும். 1922 இல் பதவியை விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற்குச் சென்று பிரமசாரியாகச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்பது அங்கே பெற்ற பெயர். 1924 இல் பரமஹம்சரின் நேர்ச்சீடருள் ஒருவராகிய சிவானந்த சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று விபுலானந்தரானார்.

துறவு பூண்டவர் குகையிலே சென்று அமர்வார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1925 இல் தாயகம் திரும்பியவரை எதிர்கொண்டது பள்ளிக்கூட வேலை. யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயம் முதலாக வடக்கிலும் கிழக்கிலும் பல சைவப் பாடசாலைகளை மிஷன் பொறுப்பேற்றபோது, அவற்றை நடத்தும் சுமை பெரும்பாலும் அவர் தோளிலே விழுந்தது. 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். மணல் நிலத்திலே கட்டடம் எழவேண்டும், உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும், தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் சோறும் வேண்டும். காவி உடுத்தவர் கணக்குப் புத்தகத்தோடு மல்லாடிய ஆண்டுகள் அவை. சங்கம் நடத்தும் நமக்கு, பத்துப்பேரிடம் சந்தா சேர்ப்பதே எவ்வளவு பாடு என்பது தெரியும்.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்றார். 1933 வரை அங்கே இருந்தார். மாலை நேரங்களில் மாணவர்களை அழைத்துக்கொண்டு திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததும் இக்காலத்திலேதான். யாழ் ஆராய்ச்சி உறுதியாக வேர்கொண்டதும் ஏறக்குறைய இக்காலமே.

ஆராய்ச்சியின் தன்மையைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். அரங்கேற்று காதையிலே, மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற யாழாசிரியனின் இலக்கணத்தை இளங்கோவடிகள் கூறுகின்றார். ஏறக்குறைய 25 அடிகள், அவ்வளவுதான். அந்த அடிகளுக்குள்ளே பண்டைத் தமிழிசையின் இலக்கணம் முழுவதும் முடிச்சிட்டு வைக்கப்பட்டிருக்கின்றது. முடிச்சை அவிழ்க்க அடியார்க்குநல்லார் உரை உண்டு. அவ்வுரையோ அவர் காலத்திலேயே அருகிப்போன இசைநூல்களின் பெயர்களைக் கூறி, அவற்றின் சூத்திரங்களை இடையிடையே எடுத்துக்காட்டிச் செல்வது. போதாக்குறைக்கு, கோவலனும் மாதவியும் யாழை மாறிமாறி வாங்கிப் பாடும் கானல்வரிக்கு அவருரை கிடைத்திலது. எங்கே வெளிச்சம் மிகவும் வேண்டுமோ அங்கே விளக்கு அணைந்திருக்கின்றது.

பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரை கணக்குச் சொல்லும். கருவியின் உருவம் எப்படி? ஒவ்வொரு நரம்பும் எந்தச் சுருதியிலே நின்றது? இவற்றைச் சொற்களிலிருந்து மட்டும் மீட்டெடுக்க வேண்டும். வீணையிலே மெட்டுக்கள் உண்டு. ஒரே தந்தியிலே விரல் வைக்கும் இடத்திற்கேற்பப் பல சுரம் பிறக்கும். யாழிலே மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஓர் ஓசை. ஆதலால் நரம்பின் நீளமும் இழுவிசையும் தவறினால் பண்ணே தவறிவிடும்.

இங்கேதான் பழைய விஞ்ஞான உபாத்தியாயர் விழித்தெழுந்தார். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தானத்திலே ஒலிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் ஐந்தாம் சுரம். நான்கில் மூன்றாக்கினால் நான்காம் சுரம். இது பௌதிக வகுப்பிலே நாமும் படித்த பாடம். முன்னோர் கிளை என்றும் நட்பு என்றும் உறவுமுறை வைத்துச் சொன்ன நரம்புகளை இந்தப் பின்னங்களோடு வைத்து ஒத்துப் பார்த்தார். தானம் ஒன்றினுள் 22 அலகு என்ற பழைய கணக்கைத் தாளிலே பெருக்கியும் வகுத்தும் பரிசோதித்தார். ஓர் எண் இடறினால் பின்னுள்ள பக்கங்கள் அனைத்தும் வீண். மறுபடியும் முதலிலிருந்து. புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியாமலையின் இசைக் கல்வெட்டையும், தேவாரப் பண்களையும் இவ்வாராய்ச்சியினுள் கொண்டுவந்தார். ஓதுவார் வாயிலே வாழும் பண்ணும் கல்லிலே உறங்கும் எழுத்தும் ஏட்டிலே கிடக்கும் சூத்திரமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லவேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

அவருடைய முடிபுகளை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் எழுதமாட்டேன். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்திலே சுருதி 24 என்று வாதித்திருந்தார். அடிகளார் கொண்டது 22. இந்த வழக்கு இசைப்புலவரிடையே பின்னும் நீண்டது. ஆயினும் ஆதாரத்தையும் கணக்கையும் பக்கத்திற்குப் பக்கம் திறந்து வைத்துவிட்டுச் சென்றவரோடு மாறுபடுவதும் ஒரு பயனுள்ள கல்வியே.

இந்த வேலையையாவது இடையூறின்றிச் செய்யவிட்டார்களா? இல்லை. பாடசாலைகள் அழைத்தன. 1936 இல் சென்னையிலே தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணி அழைத்தது, தலைமை தாங்கினார். 1939 இல் மடத்தின் கட்டளை வந்தது. பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராக இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதிக்குச் சென்று 1941 வரை இருந்தார். தமிழ் ஏட்டுச் சுவடி எங்கே, இமயத்துப் பனி எங்கே! யாழ் வேலை முடியவில்லை என்று அவர் மறுத்திருக்கலாம்; உலகம் அதை நியாயமென்றே கொண்டிருக்கும். துறவிக்கு ஏற்ற கீழ்ப்படிதலோடு சென்றார். இப்படிப் பல பணிகளிலே சிதறாமல் ஒன்றிலே நின்றிருந்தால் பத்து நூல் எழுதியிருப்பாரே என்று வருந்துவோர் உளர். எனக்கும் ஒருகாலத்தில் அப்படித் தோன்றியதுண்டு. கல்லடி விடுதியிலே உண்டு படித்து முன்னுக்கு வந்த ஏழைப் பிள்ளைகளை எண்ணும்போது அந்த வருத்தத்தை வாய்விட்டுச் சொல்ல மனம் வருவதில்லை.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1943 இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் நியமனம் பெற்றார். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. உடல்நலம் குன்றத் தொடங்கியது. கைப்பிரதியோ பெருகிக்கொண்டிருந்தது. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்கள். உலகப்போரினாலே கடதாசிக்கும் தட்டுப்பாடான காலம். கணிதக் குறிகளும் அட்டவணைகளும் நிறைந்த இத்தகைய நூலை இலாபம் கருதும் எந்தப் பதிப்பாளர் ஏற்பார்? தஞ்சைக் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் முன்வந்தார்கள். செட்டிநாட்டு அன்பர் ஒருவர் பொருளுதவி புரிந்தார்.

1947 ஆம் ஆண்டு யூன் 5 ஆம், 6 ஆம் தேதிகளில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ்நூல் அரங்கேறியது. இடத்தின் பொருத்தத்தைக் கவனியுங்கள். ஆற்றிலே வெள்ளம் பெருகி ஓடக்காரர் ஓடத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்ட வேளையிலே, திருஞானசம்பந்தர் அடியார்களோடு அதில் ஏறிப் பதிகம் பாட, ஓடம் தானே அக்கரை சேர்ந்த தலம் அது. சம்பந்தரோடு யாழேந்திச் சென்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அந்தப் பாணர் கைக்குப் பின் எந்தக் கருவி மறைந்ததோ, அது அடிகளாரின் கணக்கின்படி அமைக்கப்பெற்று, புலவர்கள் சூழ ஊர்வலமாகத் திருக்கோயிலுக்குக் கொண்டுவரப்பட்டது. அவையிலே அது மீட்டவும் பட்டது. அடிகளார் அப்போது நோயாளி. தளர்ந்த உடலோடு அமர்ந்து, பதினான்கு ஆண்டுகள் தாளிலே எண்ணாக மட்டும் அறிந்திருந்த ஓசையைச் செவியாலே கேட்டார்.

இலங்கைக்கு மீண்டவர் மறுபடி எழுந்து நடமாடவில்லை என்றே சொல்லலாம். 1947 யூலை 19 ஆம் தேதி கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அரங்கேற்றத்திற்கும் அதற்கும் இடையே ஆறு வாரமும் சில நாட்களுமே. திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிவானந்த வித்தியாலயத்து வளவிலே சமாதி வைக்கப்பெற்றது. இறைவன் விரும்பும் மலர் எதுவென்று அவர் பாடிய பாட்டு அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது. கல்லடிக்குப் போகும் நம் சங்கத்து இளைஞர்கள் அவ்வளவிலே சற்று நின்று அதைப் படித்துவிட்டு வரவேண்டும். அருகிலே, அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே, பிள்ளைகள் சுருதி சேர்க்கும் ஓசையும் அப்போது கேட்கக்கூடும்.