குளத்துக்குள் ஒரு கயிறு

உங்க ஹாஸ்டலில் திருவாரூர்க்காரங்க யாராவது இருந்தா, கமலாலயம் எவ்வளவு பெரிசுன்னு கேட்டுப் பாருங்க. கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலின்னு பெருமையா ஆரம்பிப்பாங்க. ஒரு வேலி சுமார் 6.67 ஏக்கர். கணக்குப் போட்டால் குளம் மட்டும் 33 ஏக்கர். அந்தக் குளத்தில் மண் அள்ளிய ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் தண்டியடிகள். 63 நாயன்மார்களில் ஒருவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

சுந்தரர் தன் திருத்தொண்டத்தொகையில் இவரைச் சேர்த்திருக்கிறார். அதனால் சுந்தரர் காலத்துக்குப் பிந்தியவர் இல்லை என்பது உறுதி. விவரமாகக் கதை சொன்னவர் 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார்.

கோயிலுக்கு மேற்கே இருந்த குளம் அப்போது சுற்றிலும் கட்டடங்கள் நெருக்கி, இடம் குறைந்து கிடந்ததாம். கண்ணுள்ள ஊர் முழுக்க அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கும். தோண்டணும்னு கிளம்பியது இவர். மேட்டூர் திறப்பதற்கு முன் தூர்வாரும் வேலை முடியுமா முடியாதான்னு வருஷா வருஷம் தவிக்கிற டெல்டா பிள்ளைகளுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம்னு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, பார்வையில்லாதவர் எப்படித் தோண்டுவார்? இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் கவனிக்கணும். குளத்துக்குள் தோண்டும் இடத்தில் ஒரு கம்பு நட்டார். கரையில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் போட்டு, கயிற்றைத் தடவியபடியே கரையேறிக் கொட்டிவிட்டு, அதே கயிற்றைப் பிடித்துத் திரும்பினார். இரண்டு கம்பு, ஒரு கயிறு. டிசைனும் அவரே, யூசரும் அவரே.

அங்கிருந்த சமணர்கள் சிற்றுயிர்கள் சாகும் என்று தடுத்தார்கள். இவர் கேட்கவில்லை. கண்ணோடு காதும் போய்விட்டதா என்று கேலி செய்தார்கள் என்கிறது புராணம். (கதையை எழுதியது ஒரு தரப்பு மட்டுமே என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்க.) கடைசியில் மண்வெட்டியைப் பறித்து, கம்பையும் கயிற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். வேலை நின்றது. நேற்று வரை அதே ஆள்தான் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். இன்று இல்லாமல் போனது கயிறு.

ஆன்லைன் தேர்வில் படத்தைப் பார்த்து எழுத்தை டைப் பண்ணச் சொல்லும் கேப்ட்சா இருக்கே, ஒலி வடிவம் இல்லாமல் அதை வைப்பதும் கம்பைப் பிடுங்குவதுதான். உள்ளே நுழையவே விடாமல், இவங்களால் முடியாதுன்னு முடிவு கட்டிவிடுகிறோம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் குறைந்தது 4 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஊழியருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்து தரவும் சொல்கிறது. கயிறு கட்டிக் கொடு என்பதன் சட்டமொழி அது! தனியார் கம்பெனிகளுக்கு இட ஒதுக்கீடு கட்டாயமில்லை, ஊக்கம் தரலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அதனால் நாளைக்கு இன்டர்வியூ பேனலில் உட்காரப்போகும் உங்க முடிவு ரொம்ப முக்கியம்.

அப்படி வேலைக்கு எடுப்பதால் கம்பெனிக்கு என்ன லாபம்னு கேட்பீங்க. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை 2006-இல் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர். பார்வையற்ற ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்து வளர்த்தார். இலவசம், ஓப்பன் சோர்ஸ். எங்கே தடுக்கும்னு தெரிந்தவங்களே எழுதிய கோட் அது. உங்க டீமில் அப்படி ஒருத்தர் இருந்தால், உங்க ஆப் எங்கே தடுக்கிறதுன்னு ரிலீஸுக்கு முன்னாடியே தெரிந்துவிடும்.

தண்டியடிகள் கதை அற்புதத்தில் முடிகிறது. அரசன் முன்னிலையில் குளத்தில் மூழ்கி எழுந்தபோது அவருக்குப் பார்வை வந்ததாம், எதிர்த்தவர்கள் பார்வை இழந்தார்களாம். பக்தர்களுக்கு அதுதான் கதையின் உச்சம். எனக்கென்னவோ அதற்கு முந்தைய நாட்கள்தான் பிடிக்கும். கண் வரும் வரை அவர் காத்திருக்கவில்லை, வேலையைப் பாதி முடித்திருந்தார். பார்வை வந்த பிறகும் மிச்சத்தைத் தோண்டி முடித்தார் என்கிறார் சேக்கிழார். பங்குனி சதயத்தில் அவருக்குக் குருபூஜை.