உங்க இன்பாக்ஸுக்கு காவல் நிற்கும் 18-ம் நூற்றாண்டு போதகர்... யார் இந்த தாமஸ் பேயீஸ்?

ஒரே கம்பெனி, ஒரே மெயில் சர்வர். கடன், வட்டி, தவணை என்ற சொற்களோடு ஒரு மெயில் இரண்டு ஊழியர்களுக்கு வருகிறது. டிசைன் டீமில் இருப்பவருக்கு அது நேராக ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகிறது. கடன் பிரிவில் இருப்பவருக்கு இன்பாக்ஸிலேயே நிற்கிறது. சர்வர் ஒன்றுதான், ஆனால் தீர்ப்பு இரண்டு. இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை யோசித்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. மின்சார பல்புகூட அவர் காலத்தில் கிடையாது.

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு தேற்றம் வருமே, பேயீஸ் தேற்றம்? அந்த பேயீஸ்தான் இவர்.

1701 வாக்கில் இங்கிலாந்தில் பிறந்தவர் தாமஸ் பேயீஸ். அப்பா ஜோஷுவா பேயீஸ், லண்டனில் பிரஸ்பிட்டேரியன் போதகர். அதாவது, அரசு ஆதரவு பெற்ற இங்கிலாந்து திருச்சபையை ஏற்காதவர்களின் கூட்டத்தைச் சேர்ந்த குடும்பம். அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் வாங்க முடியாது. அதனால் 1719-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தர்க்கமும் இறையியலும் படித்தார். பிறகு லண்டனில் அப்பாவுக்கு உதவியாக இருந்துவிட்டு, 1730-களில் கென்ட் பகுதியில் உள்ள டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊருக்குப் போதகராகப் போனார். கனிம நீர் ஊற்றுக்குப் பேர் போன ஊர் அது, வசதியானவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வருவார்கள். கடைசிவரை அங்கேயே இருந்தார்.

கணக்கு அவருக்கு வேலை இல்லை, ஆசை. நியூட்டனின் நுண்கணிதத்தில் அடித்தளமே சரியில்லை என்று பிஷப் ஜார்ஜ் பெர்க்லி 1734-ல் தாக்கி எழுத, 1736-ல் நியூட்டனுக்கு ஆதரவாக ஒரு புத்தகம் வெளியிட்டார் பேயீஸ். அதில் தன் பெயரைக்கூட போடவில்லை! ஆனாலும் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1742-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அவரை இன்றைக்கும் நினைக்க வைத்த விஷயத்தை அவர் வெளியிடவே இல்லை. 1761 ஏப்ரலில் அவர் இறந்தபோது அது காகிதக் கட்டுக்குள் கிடந்தது. நண்பர் ரிச்சர்ட் பிரைஸ், இவரும் ஒரு போதகர், அந்தக் காகிதங்களைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. பிரைஸ் அதைச் சீர்செய்து, முன்னுரையும் பின்னிணைப்பும் எழுதி அனுப்ப, 1763 டிசம்பரில் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. கடவுள் இருக்கிறார் என்ற வாதத்துக்கு இந்தக் கணக்கு உதவும் என்று பிரைஸ் நம்பினார். ஸ்பேம் பிடிக்க உதவும் என்று சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

அப்படி என்ன யோசனை? ஒரு மட்டமான மேஜை மேல் ஒரு பந்து உருண்டு எங்கேயோ நிற்கிறது. எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்தடுத்து பந்துகளை உருட்டி, ஒவ்வொன்றும் முதல் பந்துக்கு இடப்பக்கம் விழுந்ததா, வலப்பக்கம் விழுந்ததா என்று மட்டும் சொல்கிறார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் உங்கள் ஊகம் கொஞ்சம் திருந்தும். பந்துகள் கூடக் கூட, முதல் பந்து இருக்கும் இடம் ஓரளவு பிடிபட்டுவிடும். ஏற்கனவே இருக்கும் ஊகத்தைப் புதுத் தகவல் வரும்போதெல்லாம் எவ்வளவு மாற்றிக்கொள்வது என்பதற்கான கணக்கு இது. இன்று நாம் படிக்கும் பொதுவான சூத்திர வடிவத்துக்கு பிரெஞ்சு மேதை லாப்லாஸின் உழைப்புதான் அதிகம். பெயர் மட்டும் பேயீஸுடையது.

இதை மெயிலுக்குக் கொண்டுவந்தவர்கள் 1990-களின் ஆராய்ச்சியாளர்கள். பரவலாக்கியது, புரோகிராமர் பால் கிரஹாம் 2002-ல் எழுதிய ஒரு கட்டுரை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டிசைனருக்கு வந்த 100 மெயிலில் 60 ஸ்பேம், 40 நல்லது. கடன் என்ற சொல் ஸ்பேமில் 30-ல் இருக்கிறது, நல்லதில் 2-ல்தான். ஆக, அந்தச் சொல்லோடு வந்த 32-ல் 30 ஸ்பேம். கிட்டத்தட்ட 94%. கடன் பிரிவுக்காரருக்கோ நல்ல மெயில் 40-ல் 28-ல் அந்தச் சொல் இருக்கும். இப்போது 58-ல் 30, அதாவது 52%. அவரைப் பொறுத்தவரை அந்தச் சொல் எதையும் நிரூபிக்கவில்லை. ஃபில்டர் இப்படிப் பல சொற்களின் கணக்கைச் சேர்த்து முடிவெடுக்கும்.

இருவரின் மெயிலையும் ஒரே கணக்கில் போட்டால் என்ன ஆகும்? யாராவது ஒருவருக்கு நஷ்டம். ஒரு வாடிக்கையாளரின் விண்ணப்பம் ஸ்பேமில் கிடந்து காலாவதியாகலாம். அதனால்தான் ஆளுக்கு ஒரு ஃபில்டர்.

நடைமுறையில் இப்படி: போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற சர்வர் மெயிலை வாங்கி, யாருக்கு வந்தது என்ற பெயரோடு ஸ்பேம்அசாசினிடம் கொடுக்கும். அது அந்தப் பெயருக்குரிய சொல் கணக்கைத் திறந்து பார்த்து மதிப்பெண் போடும். சும்மா விட்டால் 5 மதிப்பெண் எட்டியது ஸ்பேம். இந்த எல்லையையும் ஆளுக்கு ஆள் மாற்றலாம். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்கு காலியாக இருக்குமே? 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் சேரும்வரை பேயீஸ் பகுதி வாயே திறக்காது, மற்ற பொது விதிகள் மட்டும் பார்த்துக்கொள்ளும். சிக்கல் வருவது ஒரே மெயில் 5 பேருக்கு வரும்போது. யார் கணக்கில் பார்ப்பது? அதற்காக, சர்வர் வாசலில் சோதிக்காமல் ஒவ்வொருவரின் பெட்டியில் போடும் கட்டத்தில் தனித்தனியாகச் சோதிக்கும்படி அமைப்பார்கள். சர்வருக்கு வேலை கூடும், வேற வழியில்லை.

டவ்காட் வைத்திருக்கும் சர்வர்களில், ஒரு மெயிலை ஸ்பேம் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டாலே அது பாடமாகப் பதிவாகும்படி செய்ய முடியும். வெளியே எடுத்துப் போட்டால் எதிர்ப்பாடம். நிறைய பேர் எரிச்சலில் ஸ்பேமை நேரா டெலிட் பண்ணிடுறாங்க. அப்போ அந்த மெயிலைப் பற்றி நீங்க என்ன நினைத்தீங்கன்னு ஃபில்டருக்குத் தெரியாமலே போயிடும்.